குருவையாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

எடுக்கவில்லை. பாட்டு ஓடி முடிந்து, நீங்கள் அழைத்தவர் இப்போது பதிலளிக்கவில்லை என்று அந்தப் பெண் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதிகம் கேட்கும் குரல் இவளுடையதுதான், மனைவி குரல்கூட இரண்டாம் இடம், ஆனால் இவள் ஒருபோதும் சலித்துக்கொள்வதில்லை, தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, இந்த நாட்டில் இருமொழிக் கொள்கையை முழு மனதோடு நிறைவேற்றுகிற ஒரே ஜீவன். இன்னொரு முறை அழைக்கலாம். உடனே அழைத்தால் இன்சூரன்ஸ் விற்கிறவன் என்று நினைப்பான். கொஞ்சம் பொறு. சாப்பாட்டு இடைவேளை முடிய நேரம் இருக்கிறது. இந்தப் பெண்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு வராந்தாவில், தூணில் ஒரு தோளைக் கொடுத்து நிற்கிறேன், தூண் என்னைத் தாங்குகிறதா நான் தூணையா என்பது இந்த வயதில் திறந்த கேள்வி. திங்கள் முதல் சனி வரை ஒரு கல்லூரியில் வரலாறு, ஞாயிறு மட்டும் இங்கே, தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர்களுக்கு அதே வரலாறு. பல்கலைக்கழகம் எங்கோ தொலைவில் இருக்கிறது, மாணவர்கள் ராஜபாளையத்தைச் சுற்றி மில்லிலும் கடையிலும் பஸ்ஸிலும் இருக்கிறார்கள், நடுவில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த இந்தப் பள்ளிக்கூடமும் நானும். காலையில் பாடம், மத்தியானம் பாடம், நடுவில் தயிர்ச்சோறு. தயிர்ச்சோற்றுக்கும் பாடத்துக்கும் இடையில்தான் சில வருஷமாக இந்தப் போன் வேலையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு நாளைதான் கடைசி நாள், வாசலோர ஆபீஸ் அறை மட்டும் எல்லா நாளும் திறந்திருக்கும், கட்டாதவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். "சேக்குறது பெரிய காரியமே இல்ல சார், சேத்தவன வச்சுக்கிறதுதான் காரியம்" என்றார் எட்வின் சார், இந்த மையத்தின் ஒருங்கிணைப்பாளர். "மண்டல ஆபீஸ்ல கேக்குறாங்க, சேந்தவன்ல பாதிப் பேரு எங்கய்யா போனான்னு. நீங்க நல்லாப் பேசுவீங்க, ஒரு வார்த்த பேசிப் பாருங்க." நான் நல்லாப் பேசுவேன் என்பது இந்த ஊரில் என்மேல் இருக்கும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு.

அலுவலகத்தில் இதற்கு இடைநிற்றல் என்று பெயர். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. நிற்கிறவன் எங்கேயாவது நிற்பான், தேடினால் கிடைப்பான், இவர்கள் நிற்பதில்லை, கரைகிறார்கள். ஒரு ஞாயிறு வருவார்கள், மறு ஞாயிறு கல்யாணம், அதற்கடுத்த ஞாயிறு அந்தக் கல்யாணத்தின் மறுவீடு, அப்புறம் வெட்கம். வெட்கம்தான் பெரிது. சில வாரம் வராதவனுக்கு அப்புறம் வர முகமில்லை, வராததால் முகமில்லை, முகமில்லாததால் வருவதில்லை, நாய் தன் வாலைப் பிடிக்கிற அதே பாதை. படிவத்தில் காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் ஒரு முறை வெட்கம் என்று எழுதினேன், எட்வின் சார் அதை அடித்துவிட்டுக் குடும்பச் சூழல் என்று எழுதினார். இன்றைக்கு முதல் அழைப்பு ஒரு பஸ் கண்டக்டருக்கு. "பிரெஞ்சுப் புரட்சி வரைக்கும் வந்துட்டேன் சார், அதுக்கு மேல ஏற முடியல" என்றான், படிக்கட்டில் தொங்குகிறவர்களை எத்தனையோ வருஷமாக உள்ளே தள்ளியவன். அடுத்தவர் தானே போனை எடுத்து, தான் இறந்துவிட்டதாகச் சொன்னார். "அவரு தவறிட்டாருங்க." இரண்டு வருஷம் எனக்கு முன்னால் கொட்டாவி விட்ட குரல், எனக்குத் தெரியாதா? "அடடா, என்ன உடம்புக்கு?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "படிப்புதாங்க" என்றார். நானும் முறைப்படி அனுதாபம் சொல்லிவிட்டு, அன்னார் போன பரீட்சையில் எல்லாத் தாளும் தேறியிருக்கிறார், குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "நெசமாவா சார்?" என்றது பிரேதம். நாளைக்கு வந்து கட்டுவதாகச் சொல்லியிருக்கிறது. இப்படி ஒருத்தரைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எனக்கு ஆயுசில் ஒரு வாரம் குறைகிறது, அவர்களுக்குக் கூடுகிறதா என்றால் அதுவும் தெரியாது. பட்டம் வாங்கி என்ன ஆகப்போகிறது என்று அவர்கள் கேட்கும்போது நான் சொல்லும் பதிலை எனக்கே நான் சொல்லிப் பார்த்ததில்லை. தைரியமில்லை.

அப்புறம் குருவையா. இவனைத்தான் இப்போது அழைத்தேன், எடுக்காதவன் இவன்தான். குருவையாவை நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷமாக வாராவாரம் அவன் வந்திருப்பதாக எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்த்ததில்லை. முதல் வகுப்பில் "குருவையா" என்று கூப்பிட்டேன், "உள்ளேன் ஐயா" என்றது ஒரு பெண்குரல். நிமிர்ந்தால் கடைசி பெஞ்சில் ஒரு பெண், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் மேலே இடிக்க ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். "நீங்களா குருவையா?" வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இல்ல சார், அவுக மில்லுல டைம் ஆபீஸ்ல இருக்காக, ஞாயித்துக்கெழமையும் ஷிப்டு. நான் அவுக வீட்ல, ஜெயக்கொடி. அவுகளுக்குப் பதிலா கேட்டுட்டுப் போயிச் சொல்லுவேன்." கண்டக்டருக்கு அப்போது புரட்சியெல்லாம் வரவில்லை, உற்சாகமாக இருந்தான். "ரேஷன் கடைன்னு நெனச்சுட்டாக போல சார்" என்றான். அவள் திரும்பிப் பார்த்து, "ரேஷன் கடையில கைரேகை கேப்பாகண்ணே, இங்க அதெல்லாம் இல்லேல்ல" என்றாள். நான் எட்வின் சாரிடம் போனேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஆளு வருதுல்ல? அப்புறம் என்ன சார். வராத ஆம்பளைய விட வர்ற பொம்பள மேலு" என்றார். அப்புறம் எனக்கும் முன்னுதாரணம் கிடைத்துவிட்டது, தேடினால் வரலாற்றில் எல்லாவற்றுக்கும் கிடைக்கும், அதுதான் அதன் கெட்ட குணம். ராஜா வர முடியாத கல்யாணத்துக்கு ராஜாவின் வாள் போயிருக்கிறது, வாளுக்கு மாலை போட்டு வாளுக்குப் பக்கத்தில் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். இங்கே ராஜாவுக்காகப் பெண் வந்திருக்கிறாள், அவ்வளவுதானே. பரீட்சைக்கு மட்டும் குருவையாவே போவான், அங்கே போட்டோ ஒட்டிய சீட்டு உண்டு, ஆள் மாறினால் போலீஸ் உண்டு. இவள் இங்கே கேட்டதை வீட்டில் சோறு போடும்போது அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். "அவுக கொழம்புல இருந்து ரசத்துக்கு வர்றதுக்குள்ள ஒரு நாடு முடிஞ்சிரும் சார்" என்றாள் ஒரு நாள், பெருமையாக. அப்படியே சாப்பிட்டுச் சாப்பிட்டு இரண்டு வருஷமும் தேறிவிட்டான்.

இவள் வருவதற்கு முன்னால் நான் யாருக்குப் பாடம் எடுத்தேன் என்று யோசித்தால் மேலே சுற்றும் மின்விசிறிதான் நினைவுக்கு வருகிறது. அதுதான் தலையாவது ஆட்டும். தூங்குகிறவர்களைத் தப்புச் சொல்ல முடியாது, இராத்திரி ஷிப்டு முடித்து நேராக வருகிறவர்கள், என் குரலும் அதற்குத் தோதானது, நானே சில சமயம் என் குரலில் அசந்திருக்கிறேன். யாராவது விழித்திருக்கிறார்களா என்று பார்க்க நடுநடுவே ஒரு பொய்யை வைப்பது என் வழக்கம். கெட்ட வழக்கம், ஆனால் புகையிலையைவிடப் பரவாயில்லை. நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடி சூட்டிக்கொண்டான், அது பொறுக்காமல் ஜனங்கள் திரண்டு பாஸ்டீல் சிறையை உடைத்தார்கள் என்று ஒரு மத்தியானம் நிதானமாகச் சொன்னேன். பேனாக்கள் ஓடின. அதையும் எழுதிக்கொண்டார்கள். இனி என்ன சொன்னாலும் எழுதுவார்கள், நான் இருக்கிறேனா என்பதற்கே சாட்சி இல்லை என்கிற மாதிரி ஒரு பயம், அப்போது கடைசி பெஞ்சில் ஒரு கை. "சார், ஜெயில ஒடச்சது அதுக்கு முன்னாடியில்ல? போன வாரமே ஒடச்சுட்டமே." ஒடச்சுட்டமே. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன். தொழிற்புரட்சிப் பாடத்தில், பஞ்சுத் தூசி ஒட்டிய தலைகளுக்கு நூற்பு இயந்திரத்தின் பெருமையைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள், "அந்த ஊரு மில்லுல ஞாயித்துக்கெழம லீவு உண்டா சார்?" உண்டு என்றேன். "பொம்பளைகளுக்கு?" அவர்களுக்கும் உண்டு என்றேன். "மில்லுல சரி, வீட்ல?" புத்தகத்தில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன், பார்க்கவில்லை, எங்கே பார்ப்பது?

போன வருஷம் ஒரு நாள் அவளை நிறுத்திச் சொன்னேன், நீங்க பிளஸ் டூ முடிச்சிருக்கீங்க, நல்ல மார்க்கு, இதை உங்க பேரிலேயே படிக்கலாமே, நானே எல்லாம் பூர்த்தி பண்ணித் தர்றேன் என்று. பெரிய வள்ளல்தனம் செய்கிற குரலில் சொல்லியிருப்பேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற பொறுமை இருந்தது. "எம்பேர்ல சேந்தா அது என் படிப்பு சார். அவுக பேர்ல இருந்தா அது வீட்டு வேல. இப்ப எங்கத்த காலையில எந்திரிச்சு எனக்கு டிபன் பாக்ஸ கட்டிக் குடுக்குறாக, மகன் மேல வரணும்ல. எம்பேருன்னு வைங்க, வாராவாரம் எங்க போற, எதுக்குப் போற, யாரு மொகத்துல முழிக்கப் போற." சொல்லிவிட்டு, நான் ஏதோ வருத்தப்பட்டுவிட்டேன் என்று நினைத்து, "இதுவும் நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள். வருத்தம்தான். அதைவிட, முப்பது வருஷமாகப் படித்த சமூக வரலாறு முழுவதையும் கையகலத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போகிறாளே என்ற எரிச்சல். பண்டிதனுக்கு வருத்தத்தைவிட எரிச்சல் சீக்கிரம் வரும்.

இப்போது கட்டாதவர்களில் அவன் பெயர். ஜெயக்கொடிக்குத் தெரியாது. தெரிந்தால் இப்படி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கூடப் படிக்கிற நர்ஸ் அக்காவோடு ஊறுகாயைப் பங்குபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டாள். அதோ, என்னமோ சொல்லிச் சிரிக்கிறாள், நர்ஸ் அவள் கையில் அடிக்கிறாள். காலையில் வந்தவுடன், "சார், இந்த மூணாவது வருஷம் முடிஞ்சா அதுக்கு மேல ஏதும் இருக்கா?" என்றாள். எம்.ஏ. இருக்கிறது என்றேன். "அவுக அதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாக" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏதும் உண்டா என்று கேட்கிறவளுக்கு, இருப்பதே நாளையோடு போகிறது. உள்ளே போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும், வீட்டுக்குப் போய்க் கேட்பாள், ஏன் கட்டலை என்று, அவன் இனி எதுக்கு என்பான், மாமியார் காதில் விழும், அடுத்த ஞாயிறு டிபன் பாக்ஸ் கட்டப்படாது. சொல்லாவிட்டால்? அடுத்த ஞாயிறு வருவாள், வாசலில் எட்வின் சார் அந்தப் பேரு இப்ப இல்லம்மா என்பார், கையில் டிபன் பாக்ஸோடு திரும்பிப் போவாள். டிபன் பாக்ஸ் இருந்தும் போகலாம், இல்லாமலும் போகலாம், எப்படியானாலும் அந்த வாசலுக்கு வந்து சேருகிறேன். சொல், சொல்லாதே, சொல், மின்விசிறி மாதிரி, அதுவும் ஒரே இடத்தில் நின்றுதான் இத்தனை காற்று வீசுகிறது. என்ன ஆளாக இருப்பான் இந்தக் குருவையா. இரண்டு வருஷமாக என் மனதில் அவனுக்கு ஒரு முகம் போட்டிருக்கிறேன், தடித்த மீசை, தொப்பை, சோற்றில் கைவைத்தபடி ஐரோப்பாவை அலட்சியமாகக் கேட்கிற வாய். பெண்டாட்டி மென்று கொடுக்க முழுங்கி முழுங்கித் தேறியவன். ஏதோ அலுப்பு, ஏதோ சோம்பல், போதும் என்று விட்டிருப்பான், விடுவதற்கு அவனுக்கு ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. அசைக்காமல் இருந்தாலே போதும். இது என்ன நியாயம்? நான் ஏன் இதில் இத்தனை கொதிக்கிறேன்? அவள் வராவிட்டால் அந்தக் கடைசி பெஞ்சு, பொய்யைப் பொய்யென்று சொல்ல ஆளில்லாத அந்த மத்தியானம், அதுதானே பயம், அவளுக்காக ஒரு பங்கு என்றால் எனக்காக ஒன்றேகால் பங்கு. சரி, இருக்கட்டும். இன்னொரு முறை அழைக்கிறேன். பாட்டு. பாட்டு. அந்தப் பெண். நன்றி அம்மா, தெரியும்.

கையில் போன் அதிர்கிறது. அவன்தான். "யாரு சார், ரெண்டு தடவ கூப்ட்டுருக்கீக?" பின்னால் டிவி, ஒரு வயதான பெண்குரல், யாருடா அது. "மில்லுலருந்தும்மா." செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், தெரு. ஷிப்டு என்றாளே, வீட்டில் இருக்கிறானே. நான் யாரென்று சொல்கிறேன். "அய்யய்யோ, ஹிஸ்டரி சாரா? ஜெயக்கொடிக்கு ஏதும்..." "ஒண்ணுமில்ல, நல்லா இருக்காங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க." "புளிச்சோறா சார்?" "தெரியலையே." "புளிச்சோறுதான், எங்கம்மா கட்டுச்சு" என்று அவனே நிம்மதியாகிறான். மெல்லிய குரல், மீசைக்குப் பொருந்தாத குரல். எனக்குள் தயாராக இருக்கும் பேச்சை எடுத்து விடுகிறேன், எல்லாருக்கும் விடுவதுதான், ஊரெல்லாம் தேய்ந்த பேச்சு. "பாருங்க குருவையா, ரெண்டு வருஷம் முடிச்சுட்டீங்க, மலையில முக்காவாசி ஏறியாச்சு, இன்னும் ஒரே ஒரு வருஷம்." "அதான் சார் பிரச்சின" என்கிறான். "எது?" "ஒரே ஒரு வருஷம்ங்கிறது."

நான் தூணிலிருந்து தோளை எடுக்கிறேன். "மில்லுல என்னைய சூப்பர்வைசராப் போட்டுட்டாக சார். டிகிரியும் வேணாம் ஒண்ணும் வேணாம், வந்து உக்காருன்னுட்டாரு மேனேஜர். ஆடி மாசமே. அதுலருந்து ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான்." "சந்தோஷம்." "வீட்ல சொல்லல. இன்னைக்குக்கூட பாதி ஷிப்டுன்னு சொல்லி ஒக்காந்துருக்கேன்." "ஏன்?" "சொன்னா எங்கம்மா ஒடனே, அதான் மேல வந்துட்டியே, இனி அவ எதுக்கு அங்கிட்டு அலையுறான்னு கேட்டுரும். நியாயமான கேள்விதான சார், நான் என்னன்னு பதில் சொல்ல?" ஒரு லாரி அவனைக் கடந்து போகிறது. இந்த மனுஷனுக்கு நான் போட்ட மீசை எங்கே போயிற்று? "சரி, அப்படின்னா கட்டிர வேண்டியதுதானே." "கட்டுனா பரிச்ச எழுதணும். எழுதுனா பாஸாயிருவேன் சார். ஒங்களுக்குத் தெரியாது, அவ சொல்லிக் குடுக்குற லட்சணம் அப்பிடி. போன தடவ காய்ச்சலோட எழுதுனேன், அதுலயும் பாஸு. பாஸாயிட்டா அதோட முடிஞ்சுபோச்சுல்ல. அதான் இந்த வருஷம் கட்டாம விட்டா ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ பாட்டுக்கு வந்துக்கிட்டு இருப்பா, அடுத்த வருஷம் கட்டிக்கிருவோம்னு நெனச்சு..." இத்தனை வருஷத்தில் கட்டாததற்கு எத்தனையோ காரணம் கேட்டாயிற்று. மாடு செத்தது, மாமனார் செத்தார், தானே செத்தார். படிப்பு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று கட்டாதவன் இவன் ஒருவன்தான். "தள்ளிப்போகாது குருவையா. அறுந்துபோகும். நாளைக்குக் கட்டலேன்னா பேரையே எடுத்துருவாங்க, அடுத்த ஞாயித்துக்கெழம அவங்க உள்ள வர முடியாது." "அய்யோ" என்கிறார். அந்த அய்யோவைக் கேட்டபிறகு இவரை எப்படி அவன் என்று நினைப்பது?

"அவங்க பேர்லயே சேத்துருங்களேன்" என்று கேட்டுப் பார்க்கிறேன், பதில் தெரிந்தேதான். "நான் சொல்லாமலா சார் இருப்பேன்? அவதான் வேணாம்னுட்டா. ஒங்க பேர்ல போறதுல ஒரு நிம்மதி இருக்கு, கெடுத்துராதீகன்னா. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல." தெருவில் யாரோ கோலப்பொடி விற்கிறார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கோவில் அர்ச்சகரிடம் பரிகாரம் விசாரிக்கிற தாழ்ந்த குரலில் கேட்கிறார். "சார், இந்த... பாஸாகாம எத்தன வருஷம் இழுக்கலாம்?" விதிமுறைப் புத்தகம் எனக்கு மனப்பாடம். அதிலிருந்து யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, மனைவியின் பழைய நகை மாதிரி உள்ளேயே கிடந்தது, கேட்டவுடன் பளபளவென்று வருகிறது. மூன்று வருஷப் படிப்பு, அதன் இரு மடங்கு காலம் வரை பதிவு உயிரோடு இருக்கும், இந்த வருஷத்துக்குக் கட்டிவிட்டால் போதும், தவறிய தாளைத் திரும்பத் திரும்ப எழுதலாம். "ஃபெயிலானவக கிளாஸுக்கு வரலாமா?" "வரலாம். கண்டிப்பா வரணும்னே எழுதியிருக்கு. யாரும் வர்றதில்ல." "அப்ப இன்னும் நாலு வருஷம்" என்கிறார், மூச்சை உள்ளே இழுத்து. "நாலு வருஷத்துல என்ன வேணா மாறலாம்ல சார். எங்கம்மாகிட்ட, டிகிரி முடிச்சாத்தான் வேல நிரந்தரம்னு சொல்லிச் சமாளிச்சுருவேன்." "ம்." "ஒரு தாள்ல ஆனாப் போதும்ல? எல்லாத்துலயும் போனா அவ மனசு ஒடஞ்சிரும்." "ஒண்ணு போதும்." "எதுல சார் ஆகலாம்? ஹிஸ்டரியில..." "ஹிஸ்டரி வேணாம்" என்கிறேன், யோசிக்காமலே. "சுற்றுச்சூழல் தாள்ல ஆகுங்க. அது நான் எடுக்கல." சிரிக்கிறார். நானும் சிரித்துவிட்டேன், வராந்தாவில் தனியாக, கடவுளே, இருபது வருஷ உத்தியோகத்தில் ஒரு மாணவனுக்கு எதில் தோற்கலாம் என்று வழிகாட்டுகிறேன், அதுவும் அவனைத் தக்கவைப்பதற்காக, மண்டல அலுவலகம் கேட்டால் பாராட்டுவதா பிடித்து வெளியே தள்ளுவதா என்று ஒரு குழு போடும்.

"சார், ஒண்ணு" என்கிறார் சிரிப்பு அடங்கியதும். "அவகிட்ட சொல்லிராதீக. நான் வேணும்னே ஆனேன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் வர மாட்டா, அவ அப்பிடி. ஆனா நான் நெசமாவே ஃபெயிலுன்னு நெனச்சா, தான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கலன்னு மனசுக்குள்ள போட்டு ஒழப்பிக்கிருவா. ரெண்டுல எது சார் பரவாயில்ல?" ஒரு பெண் வெளியே வருவதற்காக அவளைத் தோற்க வைக்கலாமா? அவள் அறியாமல் அவள் பெயரில் ஒரு தோல்வியை எழுதலாமா, அவள் பெயர்கூட அதில் இருக்காது. சொல்லிவிட்டால் அவளே தீர்மானிப்பாள், அதுதான் முறை. சொன்னால் தீர்மானிக்க எதுவுமே மிச்சமிருக்காது என்கிறார் கூடவே வாழ்கிற மனிதர். இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துப் பேசிப் பழகிய வாய், இப்போது இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. "நாளைக்கு வந்து கட்டிருங்க குருவையா" என்கிறேன். "காலையில மொத ஆளா வந்துருவேன் சார்." வைத்துவிட்டார். காது சூடாக இருக்கிறது. இப்போதாவது அவரைக் கண்ணால் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது, நாளைக்குத் திங்கள், நான் இங்கே இருக்க மாட்டேன்.

ஜெயக்கொடி டிபன் பாக்ஸைக் கழுவ வெளியே வருகிறாள். வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே, "இன்னும் சாப்பிடலையா சார்? யார்கிட்ட அவ்வளவு நேரம்?" என்கிறாள். "ஒரு மாணவர்ம்மா." "விட்டுட்டுப் போறேன்றாகளா?" "அப்படித்தான் நெனச்சேன். இல்ல, இருக்கேன்னுட்டார்." "நல்லது சார், பாதியில விட்டா மனசு கேக்காது." மூடியைத் தேய்க்கிறாள். புளியின் மஞ்சள் போய்விட்டது, இன்னும் தேய்க்கிறாள். "எங்கவுகளுக்கு இந்தத் தடவ இப்பவே ஆரம்பிச்சுட்டேன் சார். சுற்றுச்சூழல்தான் கொஞ்சம் ஒதைக்கும், அத மொதல்ல எடுத்துட்டேன். ஒரு தாள் மிச்சமில்லாம இந்த வருஷமே முடிச்சுக் குடுத்துருவேன்னு அத்தகிட்ட சொல்லியிருக்கேன்." சுத்தமான பாத்திரத்துக்குள் மறுபடியும் தண்ணீர் ஊற்றுகிறாள், சுழற்றுகிறாள், கீழே கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே பெஞ்சுகள் நகர்கிற சத்தம், எல்லாரும் உட்காருகிறார்கள். "முடிச்சுரலாம்ல சார்?"

"என்னம்மா அவசரம்" என்கிறேன்.